விலகலும் சிதறலும்

துல்லியம் என்ற சொல் தமிழில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. இலக்கின் நடுவைச் சென்று தொடுவதும் துல்லியம் எனப்படுகிறது. ஒரே செயலைப் பத்து முறை செய்யும்போது பத்து முறையும் ஒரே விளைவு கிடைப்பதும் துல்லியம் எனப்படுகிறது. அன்றாடப் பேச்சில் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டிய தேவை அதிகம் எழுவதில்லை. இலக்குச் சுடுதல் என்னும் விளையாட்டிலோ, இந்த வேறுபாட்டை உணராதவர் தொடக்கப் பயிற்சியைக்கூடத் தாண்ட முடியாது. பற்றிரும்பில் அசையாமல் பூட்டப்பட்ட ஒரு ரைஃபிளிலிருந்து பத்துக் குண்டுகளைச் சுட்டு, தாளில் விழுந்த துளைகளைப் பார்க்கும்போது, அவை கருவட்டத்தின் இடது மேல்புறத்தில் ஒரு சட்டைப் பொத்தானின் அளவுக்குள் குவிந்திருந்தால் அது நல்ல துப்பாக்கி. நடுப்புள்ளியைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குப் பரந்திருந்தால், அவற்றின் சராசரி மிகச் சரியாக நடுவிலேயே அமைந்திருந்தாலும், அது உதவாத துப்பாக்கி. முதலாவதன் குறையை விலகல் என்றும் இரண்டாவதன் குறையைச் சிதறல் என்றும் அழைக்கலாம். விலகலைப் பின்குறியின் திருகைச் சில கிளிக்குகள் திருப்பிச் சரிசெய்துவிட முடியும். சிதறலைச் சரிசெய்யும் திருகு எதுவும் இதுவரை செய்யப்படவில்லை.

பெங்களூரு மல்லேஸ்வரத்தில், தஞ்சை மராட்டிய அரசை நிறுவிய ஏகோஜியோடு மரபு தொடர்புபடுத்தும் காடு மல்லேஸ்வரர் கோயிலை ஒட்டிக் கார்த்திகை மாதத்தில் கடலைக்காய்த் திருவிழா நடக்கிறது. இத்தகைய திருவிழாக்களிலும் தமிழகத்தின் தேர்க்கடைகளிலும் காணக்கூடிய பலூன் சுடும் கடை, மேற்சொன்ன வேறுபாட்டுக்கு எளிய சான்று. அங்குள்ள துப்பாக்கியின் குழல் வேண்டுமென்றே வளைக்கப்பட்டது என்று தோற்றவர்கள் சொல்வது வழக்கம். அக்குற்றச்சாட்டு உண்மையாக இருந்தாலும் அதனால் பெரிய பாதகமில்லை. எப்போதும் ஒரே அளவு இடப்பக்கம் சுடும் துப்பாக்கியைக் கொண்டு, வலப்பக்கத்துப் பலூனைக் குறிபார்த்து நடுப்பலூனை உடைத்துவிட முடியும். கடைக்காரர் தம் துப்பாக்கியால் ஒன்றுகூடத் தவறாமல் உடைத்துக் காட்டுவதற்குக் காரணம், அதன் குற்றம் அவருக்கு மனப்பாடமாக இருப்பதே. ஆட்டங்கண்ட குறியும் தேய்ந்த குழலும் ஒன்றுக்கொன்று எடை மாறுபட்ட மலிவான ரவைகளும் சேர்ந்து உண்டாக்கும் சிதறல்தான் உண்மையான இடையூறு; அதைக் கடைக்காரராலும் மனப்பாடம் செய்ய முடியாது. மாறாமல் நிற்கும் பிழை, சுடுபவரைப் பொறுத்தவரை பிழையே அன்று என்ற இந்தச் செய்தி, பலூன் கடையிலிருந்து ஒலிம்பிக் அரங்கம்வரை ஒரே விதமாகப் பொருந்துகிறது.

வளைந்த குழல் குறித்த பேச்சுக்கு அறிவியலில் ஒரு மதிப்பிற்குரிய முன்னோடி உண்டு. 1742இல் ‘பீரங்கி இயலின் புதிய கோட்பாடுகள்’ என்ற நூலை வெளியிட்ட ஆங்கிலேயக் கணித அறிஞர் பெஞ்சமின் ராபின்ஸ், தம் சோதனை ஒன்றில் ஒரு மஸ்கட் துப்பாக்கிக் குழலின் நுனியை இடப்பக்கமாகச் சற்று வளைத்து, வரிசையாக நிறுத்திய மெல்லிய தாள்திரைகளினூடே சுட்டுப் பார்த்தார். குண்டு முதலில் இடப்பக்கம் விலகிப் பின்னர் வலப்பக்கமாகத் திரும்பியதைத் திரைகளில் விழுந்த துளைகள் காட்டின. வளைந்த குழலின் வலப்பக்கச் சுவரை உரசிக்கொண்டே வெளியேறிய உருண்டைக் குண்டு அவ்வுரசலால் ஒரு சுழற்சியைப் பெற்றது என்பதும், சுழலும் உருண்டையைக் காற்று பக்கவாட்டில் தள்ளும் என்பதும் அவர் கண்ட விளக்கம். கிரிக்கெட்டில் சுழற்பந்து காற்றிலேயே திசை மாறுவதும் இதனால்தான். நேரான குழலிலிருந்து வெளியேறும் உருண்டையும் எங்கேனும் ஒரு பக்கம் உரசித்தான் வருகிறது. எந்தப் பக்கம் என்பது ஒவ்வொரு முறையும் தற்செயல் என்பதால், அது பெறும் சுழற்சியும் தற்செயல், அது விலகும் திசையும் தற்செயல். பழைய துப்பாக்கிகளின் சிதறலுக்கு மூலகாரணம் இதுவே.

இதற்கான மருந்து அப்போதே நடைமுறையில் இருந்தது, காரணந்தான் தெளிவாகாமல் இருந்தது. குழலின் உட்சுவரில் திருகாணியின் மரை போலச் சாய்வாக வெட்டப்படும் பள்ளங்களுக்குப் புரிகள் என்று பெயர். புரி வெட்டிய குழல்தான் ரைஃபிள் என்ற பெயருக்கே காரணம். புரிகள் குண்டைப் பற்றி, அது பறக்கும் திசையையே அச்சாகக் கொண்டு சுழலவைக்கின்றன. சுழற்சியை நீக்குவதற்குப் பதிலாக எல்லாக் குண்டுகளுக்கும் ஒரே சுழற்சியைத் தருவதே இதன் உத்தி என்பதை ராபின்ஸ் 1747இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் முன் விளக்கினார். இதே மனிதர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக நியமிக்கப்பட்டு, 1750இல் சோழமண்டலக் கரைக்கு வந்து, கோட்டைகளைச் சீரமைக்கும் பணியின் நடுவே காய்ச்சலுக்கு ஆளாகி, 1751 ஜூலையில் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையில் இறந்துபோனார் என்பது தமிழ் வாசகர்களில் பலரும் அறியாத செய்தி. இந்தியாவின் முன்னணி ஏர் ரைஃபிள் வீராங்கனைகளுள் ஒருவரும் 2019இல் ரியோவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றவருமான இளவேனில் வாலறிவன் பிறந்ததும் கடலூரில்தான். இரண்டுக்கும் இடையே ஊர்ப்பெயரைத் தவிர வேறு தொடர்பு இல்லை. ஆயினும் ஒரு நாட்டு வரலாற்றில் இத்தகைய தற்செயல்களைக் குறித்து வைப்பதில் தவறில்லை.

இளவேனில் பங்கேற்கும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியின் அளவுகளைக் கணக்கிட்டுப் பார்த்தாலொழிய, இவ்விளையாட்டில் துல்லியம் என்பது எந்த அளவில் பேசப்படுகிறது என்பது விளங்காது. பெல்லட் எனப்படும் ஈயக் குண்டின் விட்டம் 4.5 மி.மீ.; இலக்கின் நடுவிலுள்ள பத்து மதிப்பெண் புள்ளியின் விட்டம் 0.5 மி.மீ. குண்டின் விளிம்பு அப்புள்ளியைத் தொட்டாலே பத்து கிடைத்துவிடும் என்பதால், துளையின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 2.5 மி.மீ. வரை விலகலாம். அந்த 2.5 மி.மீ. பத்துப் பங்காகப் பிரிக்கப்பட்டு, 10.0 முதல் 10.9 வரை மதிப்பிடப்படுகிறது. ஒவ்வொரு படியும் கால் மில்லிமீட்டர். துப்பாக்கியின் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையிலுள்ள தூரத்தை 70 செ.மீ. என்று கொண்டால், முன்குறி 0.175 மி.மீ. நகர்ந்ததுமே பத்து மதிப்பெண் கைநழுவிவிடும். இது எழுதும் தாள் இரண்டின் தடிமனைவிடச் சற்றுக் குறைவு. 10.9க்கும் 10.8க்கும் உள்ள வேறுபாடு முன்குறியின் இடத்தில் 0.0175 மி.மீ. மட்டுமே, அது மெல்லிய தலைமுடியின் தடிமன். இந்த அளவைக் கண்ணால் காண்பதும் கையால் கட்டுப்படுத்துவதும் இயலாது. அப்படியிருந்தும் இறுதிச் சுற்றுகளில் வெற்றி தோல்வி இந்தப் பின்னத்தில்தான் முடிவாகிறது.

இந்நிலையை எட்டுவதற்குத் துப்பாக்கியிடம் கேட்கப்படுவது ஒன்றே ஒன்று: நேற்றுச் செய்ததை இன்றும் செய்ய வேண்டும். பழைய சுருள்வில் துப்பாக்கியில், விசையை அழுத்தியதும் கனமான ஓர் உந்துதண்டு முன்னே பாய்ந்து காற்றை அழுத்தியது. குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்கு முன்பே துப்பாக்கி முழுவதும் குலுங்கியது. இன்றைய போட்டித் துப்பாக்கியில் உருளையொன்றில் ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் காற்று நிரப்பப்பட்டு, அழுத்தச் சீராக்கி ஒவ்வொரு சுடுதலுக்கும் ஒரே அளவை மட்டும் வெளிவிடுகிறது. அரைக் கிராமுக்குச் சற்றே கூடுதலான எடையுள்ள பெல்லட் வினாடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் வெளியேறி, 10 மீட்டரை 0.06 வினாடியில் கடக்கிறது. அதற்குள் புவியீர்ப்பு அதை ஏறத்தாழ 17 மி.மீ. கீழே இழுத்துவிடுகிறது. இந்த 17 மி.மீ. சரிவால் எவருக்கும் தொல்லையில்லை, ஏனெனில் அது மாறாதது. பின்குறி அதற்கேற்பவே உயர்த்தி வைக்கப்பட்டிருக்கிறது. தொல்லை தருவது வேகத்தில் ஏற்படும் மாற்றம். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகம் குறைந்தால் சரிவு ஏறத்தாழ 0.2 மி.மீ. கூடுகிறது, அதாவது ஒரு தசமப் படி அநேகமாகப் போய்விடுகிறது. சீராக்கியின் ரப்பர் வளையம் ஒன்று தேய்ந்ததாலேயே பதக்கம் போகலாம் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

பெல்லட்டுகளைத் தேர்ந்தெடுக்கும் முறை வெளியாருக்குச் சற்று மூடநம்பிக்கை போலத் தோன்றக்கூடும். ஒரே நிறுவனம், ஒரே அச்சு, ஒரே எடை என்றாலும் 4.49 மி.மீ., 4.50 மி.மீ. என்று தலைப்பகுதியின் விட்டத்தில் நூறில் ஒரு மில்லிமீட்டர் வேறுபட்ட வகைகள் விற்கப்படுகின்றன. வீரர்கள் தம் துப்பாக்கியைப் பற்றிரும்பில் பூட்டி, பல தொகுதிகளைச் சுட்டுப் பார்த்து, அதன் குழலுக்கு ஒத்துப்போகும் ஒரு தொகுதியைக் கண்டதும் மொத்தமாக வாங்கிச் சேமித்து வைக்கிறார்கள். ஒரு குழலுக்குப் பிடித்த தொகுதி பக்கத்துக் குழலுக்குப் பிடிக்காமல் போவதற்குத் துல்லியமான காரணம் சொல்வது கடினம்; காரணம் தெரியாமலே விளைவை அளந்து அதன்படி நடப்பது இத்துறையில் இழுக்காகக் கருதப்படுவதில்லை.

கூரைக்குக் கீழே நடக்கும் 10 மீட்டர் போட்டியில் காற்றுக்குப் பங்கில்லை. திறந்தவெளியில் நடக்கும் 50 மீட்டர் போட்டியில் அதுவே முதன்மையான எதிரி. அங்கே பயன்படும் 5.6 மி.மீ. குண்டு, ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் குறைவாக, வினாடிக்கு ஏறத்தாழ 330 மீட்டர் வேகத்தில் புறப்படுமாறு தயாரிக்கப்படுகிறது. ஒலி வேகத்தைத் தாண்டிப் புறப்பட்டால், வழியில் அவ்வேகத்துக்குக் கீழே இறங்கும்போது குண்டு தடுமாறும் என்பது அதற்குக் காரணம். பக்கவாட்டுக் காற்று குண்டை எவ்வளவு தள்ளும் என்பதைக் கணக்கிடும் முறை, முதன்முறை கேட்பவருக்கு வியப்பளிக்கக்கூடியது. குண்டு வானில் இருக்கும் மொத்த நேரத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் விடை கிடைக்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அப்படிப் பெருக்கினால் வினாடிக்கு ஒரு மீட்டர் வேகக் காற்று குண்டைப் பதினைந்து செ.மீ.க்கு மேல் தள்ள வேண்டும். உண்மையில் அது தள்ளுவது அரை செ.மீ. அளவே. காற்றுத்தடையே இல்லாத வெற்றிடத்தில் குண்டு அத்தூரத்தைக் கடக்க எடுக்கும் நேரத்தை, காற்றில் அது எடுக்கும் நேரத்திலிருந்து கழித்தால் மிஞ்சும் தாமதத்தை மட்டுமே காற்றின் வேகத்தால் பெருக்க வேண்டும். பக்கவாட்டுக் காற்று குண்டின் தோளைப் பிடித்துத் தள்ளுவதில்லை. குண்டு சந்திக்கும் தடையின் திசையைச் சற்றுச் சாய்த்துவிடுகிறது, அவ்வளவே. ஆகவே, தடை எவ்வளவு குறைவோ, விலகலும் அவ்வளவு குறைவு.

இங்கேதான் மல்லேஸ்வரம் நிற்கும் உயரம் கணக்கில் வருகிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் அமைந்த பெங்களூரு மேட்டுநிலத்தில், காற்றின் அடர்த்தி அதே வெப்பநிலையிலுள்ள சென்னையைவிட நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துப் பங்கு குறைவு. சென்னையில் பழகிய ஒருவர் பெங்களூரில் சுடும்போது, அதே காற்றுக்கு அவருடைய குண்டு அரை மில்லிமீட்டர் அளவு குறைவாக விலகும். 50 மீட்டர் இலக்கில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ.; குண்டின் பாதி விட்டத்தையும் கூட்டினால், மையத்திலிருந்து 8 மி.மீ. வரை விலக இடமுண்டு. ஆகவே, உயரத்தால் நேரும் வேறுபாடு சிறிது. அதைவிட முக்கியமாக, அது ஊருக்கு ஊர் மாறினாலும் ஒரே ஊரில் மாறாதது, பயிற்சிச் சுடுதலிலேயே தெரிந்துகொண்டு திருத்திவிடக்கூடியது. காற்றோ அப்படியன்று. 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் நட்டிருக்கும் சிறு கொடிகள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் பறக்கும் நாட்கள் உண்டு. அனுபவம் வாய்ந்த வீரர் எந்தக் காற்றுக்குத் தம் குறியைப் பொருத்திவைத்தாரோ அதே காற்று மீண்டும் வரும்வரை காத்திருந்து சுடுகிறார். காற்றை மாற்ற முடியாதவர், நேரத்தைத் தேர்ந்தெடுத்து அதை மாறாததாக ஆக்கிக்கொள்கிறார்.

வெயில் ஏறிய நிலத்தின் மேல் காற்று அடுக்கடுக்காகச் சூடாகும்போது இலக்கின் கருவட்டமே நெளியத் தொடங்குகிறது. இது கானல். சூடான காற்று ஒளியைக் குறைவாகவும் குளிர்ந்த காற்று கூடுதலாகவும் வளைப்பதால், கண்ணுக்குத் தெரியும் இலக்கு அது நிற்கும் இடத்தில் இருப்பதில்லை. கானலின் ஒளியியலைப் பற்றி 1959இல் ஒரு கட்டுரையை வெளியிட்டவர்கள் சர் சி. வி. ராமனும், அவருக்கு மருமகன் முறையினரான எஸ். பஞ்சரத்தினமும் ஆவர். ராமன் 1933இல் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகப் பெங்களூரு வந்தவர்; மல்லேஸ்வரம் 15ஆம் கிராஸில் உள்ள ‘பஞ்சவடி’ என்ற வீடு அவர் குடும்பத்துக்கு உரியது. அவர் 1948இல் நிறுவிய ஆராய்ச்சிக் கழகமும் அங்கிருந்து தொலைவில் இல்லை. மல்லேஸ்வரத்தில் பேசப்படும் பழைய தமிழ்க் குடும்பங்களின் பட்டியல் நெடிது. அதில் இந்த வீட்டுக்குத் தனி இடம் உண்டு.

ராமனின் ஆய்வுகள் துப்பாக்கியைக் கருதிச் செய்யப்பட்டவை அல்ல. ஆனால் அவருடைய ஆய்வு வாழ்வின் இரு முனைகளும் சுடுபவர் கண்ணை வைக்கும் இடத்திலேயே வந்து சேர்கின்றன என்பது கவனிக்கத்தக்கது. சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராக இருந்தபோது, 18 வயதில், 1906 நவம்பரில் இலண்டன் ‘ஃபிலசாஃபிகல் மாகசீன்’ இதழில் அவர் வெளியிட்ட முதல் கட்டுரை, செவ்வகத் துளையொன்றில் ஒளி சாய்வாக விழும்போது அதன் இருபுறமும் தோன்றும் விளிம்பு வரிகள் சமமாக அமையாததைப் பற்றியது. 1968இல், தம் எண்பதாம் வயதில், வெளியிட்ட நூல் பார்வையின் உடலியலைப் பற்றியது. ஒன்று துளை; மற்றொன்று விழித்திரை. போட்டித் துப்பாக்கியின் பின்குறி என்பது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட விட்டமுள்ள வட்டத் துளையே. அதனூடே பார்க்கும் விழித்திரையில்தான் எல்லாம் முடிவாகிறது.

அத்துளையின் பயன் என்னவென்றால், மனிதக் கண் ஒரே நேரத்தில் மூன்று தொலைவுகளைத் தெளிவாகக் காண இயலாது என்ற குறையை அது ஈடுசெய்கிறது. கண்ணருகே பின்குறி, ஒரு கை தூரத்தில் முன்குறி, பத்து மீட்டரில் இலக்கு. மூன்றும் ஒரு கோட்டில் அமைய வேண்டும். சிறு துளையினூடே வரும் ஒளிக்கற்றை மெல்லியது என்பதால், முன்குறி தெளிவாக இருக்கும்போதே இலக்கும் ஓரளவு தெளிவாகத் தெரிகிறது. துளையை இன்னும் சுருக்கினால் இன்னும் தெளிவு கிடைக்கும் என்று நினைத்துச் சுருக்கிக்கொண்டே போனால், ஒரு நிலைக்குப் பிறகு ஒளி அலைகள் விளிம்பில் வளைந்து படிமத்தை மங்கச் செய்கின்றன, வெளிச்சமும் போதாமற் போகிறது. முன்குறி என்பது ஒரு வளையம். அதன் உள்ளே இலக்கின் கருவட்டமும், கருவட்டத்துக்கும் வளையத்துக்கும் இடையில் மெல்லிய வெள்ளை விளிம்பும் தெரிய வேண்டும். தனித்த ஒரு புள்ளியின் இடத்தை மதிப்பிடுவதில் கண் அவ்வளவு தேர்ந்ததன்று. ஒரு வட்டத்துக்குள் மற்றொரு வட்டம் நடுவில் இருக்கிறதா, வெள்ளை விளிம்பு எல்லாப் பக்கமும் ஒரே தடிமனா என்று ஒப்பிடுவதில் வியக்கத்தக்க திறமை உடையது. நெற்றியில் இட்ட பொட்டு நடுவில் இல்லை என்பதை எதிரே வருபவர் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவதும் இதே திறமைதான். ஆனால் அதற்கும் கால வரம்பு உண்டு. சில நொடிகளுக்கு மேல் உற்று நோக்கினால் விழித்திரை களைத்து, சற்றுமுன் கண்ட படிமத்தையே இப்போதும் காண்பதாக ஏமாற்றத் தொடங்குகிறது. குறி சரியாக இருக்கிறது என்று உறுதியாகத் தோன்றும்போதே அது சரியாக இல்லாமல் இருக்கலாம். ஆகையால் குறித்த நேரத்துக்குள் சுடமுடியாதபோது துப்பாக்கியை இறக்கி வைத்துவிட வேண்டும் என்பது பயிற்சியாளர்கள் ஓயாமல் சொல்லும் பாடம். இறக்கி வைப்பதற்குச் சுடுவதைவிடக் கூடுதல் மனவலிமை தேவை என்று தோன்றுகிறது.

உடலின் பங்கைப் பொறுத்தவரை, அசையாமல் நிற்பது என்று ஒன்று கிடையாது. ஐந்தரைக் கிலோ வரை எடையுள்ள துப்பாக்கியைத் தசையின் வலுவால் தாங்கினால் தசை நடுங்கும் என்பதால், இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்றி, முதுகைப் பின்னே வளைத்து, எலும்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தூண் போல நிற்கிறார்கள். கித்தானும் தோலும் சேர்த்துத் தைத்த விறைப்பான மேலங்கி அத்தூணுக்கு அணைப்பு. அதன் தடிமன் 2.5 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது என்று விதி உண்டு. இத்தனைக்குப் பின்னும் குறி ஊர்ந்துகொண்டேதான் இருக்கிறது. துப்பாக்கி குறிவைக்கும் புள்ளியின் பாதையைக் கணினித் திரையில் கோடாக வரைந்து காட்டும் பயிற்சிக் கருவியில் அது ஒரு சிக்குக்கோலம் போலத் தெரியும். தொடக்கநிலை வீரரின் கோலம் வாசல் முழுவதும் பரந்து கிடக்கும், தேர்ந்தவரின் கோலம் ஒரு புள்ளியைச் சுற்றியே பின்னிக்கிடக்கும், ஆனால் இருவருடையதும் கோலமே. குறி வினாடிக்கு 10 மி.மீ. வேகத்தில் ஊர்வதாகக் கொண்டால், ‘இப்போது சரி’ என்று கண் கண்டு, மூளை முடிவெடுத்து, விரல் அழுத்துவதற்குள் ஏறத்தாழ 0.2 வினாடி கழிந்து, குறி 2 மி.மீ. நகர்ந்திருக்கும். ஆகவே, சரியாக அமைந்த கணத்தைப் பார்த்துச் சுடுவது என்பது எப்போதும் கடந்துபோன கணத்தைச் சுடுவதே. விசையின் மேல் விரல் முன்கூட்டியே அழுத்தம் கொடுத்துக் காத்திருக்க, குறி நடுவை நோக்கி அடங்கிவரும் போக்கை உடல் தானே உணர்ந்து விடுவிக்க வேண்டும். விடுவித்த பின்னும் குண்டு குழலுக்குள் சில மில்லிவினாடிகள் இருக்கிறது. அந்நேரத்தில் தலையைத் தூக்கி எங்கே பட்டது என்று எட்டிப் பார்ப்பவர் தாமே தம் குண்டைத் திருப்பிவிடுகிறார்.

இதயத் துடிப்பை நிறுத்தி வைக்க வழியில்லை. ஒவ்வொரு துடிப்பும் உடலை மெல்ல உதைப்பதால் குழல்முனை துள்ளுகிறது. தேர்ந்தவர்களில் பலர் இரு துடிப்புகளின் இடைவெளியில், தம்மையறியாமலேயே, விசையை அழுத்தப் பழகிவிடுகிறார்கள். துடிப்பை மட்டுப்படுத்தும் பீட்டா தடுப்பு மருந்துகள் இவ்விளையாட்டில் தடைசெய்யப்பட்டுள்ளதும் இதனால்தான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பிஸ்டல் பிரிவில் இரு பதக்கங்கள் பெற்ற வடகொரிய வீரர் கிம் ஜோங்-சு அத்தகைய மருந்து உட்கொண்டதற்காக இரண்டையும் இழந்தார். மற்ற விளையாட்டுகளில் உடலைத் தூண்டும் மருந்து குற்றமாக, இங்கே உடலை அமைதிப்படுத்தும் மருந்து குற்றமாகிறது.

இத்தனை தடைகளுக்கிடையிலும் மனிதர் இலக்கைத் தோற்கடித்துவிட்டனர் என்பதே அண்மைக்கால வரலாறு. பெங்களூருக்கு வடக்கே சிக்கபள்ளாப்பூரில் பிறந்த சுமா ஷிரூர், 2004இல் கோலாலம்பூரில் நடந்த ஆசியச் சாம்பியன்ஷிப் தகுதிச் சுற்றில் 400க்கு 400 எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தார். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2010 டில்லி காமன்வெல்த் போட்டியின் தகுதிச் சுற்றில் 600க்கு 600 எடுத்தார். முழு மதிப்பெண்ணுக்கு மேல் எண் இல்லை. ஆகையால் 2013 முதல் தகுதிச் சுற்றிலும் பத்துக்குள் பத்துப் படிகளைத் தேடித் தசமத்தில் மதிப்பிடத் தொடங்கினர். வீரர்கள் இலக்கின் நடுவுக்கு வந்துசேர்ந்ததும் நடு இன்னும் உள்ளே தள்ளிவைக்கப்பட்டது. இது விளையாட்டுக்கு நல்லதா என்பதில் இருவேறு கருத்துகள் இருக்கலாம். மனித உடலால் வேண்டுமென்று எட்டமுடியாத கால் மில்லிமீட்டரில் பதக்கத்தை நிர்ணயிப்பது, ஓரளவு அதிர்ஷ்டத்தையும் மதிப்பெண் அட்டையில் சேர்ப்பதாகும் என்ற ஐயத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

விலகல், சிதறல் என்ற இரண்டிலும் அடங்காத பிழைகளும் உண்டு. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குச் சில மாதங்கள் முன் அமெரிக்க வீரர் மேத்யூ எம்மன்ஸின் துப்பாக்கியை யாரோ சேதப்படுத்திவிட, அவர் தோழியொருவரின் துப்பாக்கியை இரவல் வாங்கிப் படுத்துச் சுடும் பிரிவில் தங்கம் வென்றார். மூன்று நிலைப் பிரிவிலும் முன்னணியில் நின்று, கடைசிச் சுடுதலில் சாதாரண மதிப்பெண் எடுத்தாலே போதும் என்ற நிலையில், பக்கத்து வீரரின் இலக்கைச் சுட்டுவிட்டார். குண்டு அவர் குறிவைத்த திசையில் பிழையின்றிச் சென்றது. அவருக்குக் கிடைத்தது சுழியம்.

அதே ஏதென்ஸில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இறுதிச் சுற்றில் ஏழாமிடத்துக்குச் சரிந்த இந்திய வீரர் அபினவ் பிந்த்ரா, தாம் நின்ற இடத்தின் தரைப்பலகை இறுகப் பதிக்கப்படாமல் ஆடிக்கொண்டிருந்தது என்பதைப் பின்னரே அறிந்தார். காலுக்கடியில் ஒரு மயிரிழை அசைவு, பத்து மீட்டருக்கு அப்பால் எவ்வளவாகும் என்பதை மேற்சொன்ன கணக்குகளைக் கொண்டே ஊகிக்கலாம். அதன்பின் அவர் மேற்கொண்ட ஆயத்தங்கள் அனைத்தையும் ஒரே நோக்கில் வாசிக்க முடியும்: அரங்கின் வெளிச்சம், தரை, பரப்பு என்று மாறக்கூடிய ஒவ்வொன்றையும் முன்கூட்டியே பழகி, மாறாததாக ஆக்கிக்கொள்வது. பெய்ஜிங் அரங்கின் பெரிய கூடத்தைப் பழகுவதற்காகச் சண்டிகரில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, அதில் இலக்கு நட்டுச் சுட்டார். முகூர்த்த நாள் இல்லாத நாளாகப் பார்த்திருப்பார்கள் போலும்.

2008 ஆகஸ்ட் 11 அன்று, தகுதிச் சுற்றில் 596 எடுத்து இறுதிச் சுற்றுக்குள் நுழைந்த பிந்த்ரா, கணக்கில் சேராத பயிற்சிச் சுடுதலைத் தொடங்கியபோது குண்டு பத்திலிருந்து வெகுதூரம் தள்ளிப் போயிற்று. இடைவேளையில் துப்பாக்கியின் பின்குறி இடம் மாறியிருந்தது. அது எப்படி நிகழ்ந்தது, யாரால் நிகழ்ந்தது என்பதை ஆராய நேரமில்லை. எவ்வளவு விலகியது, எந்தப் பக்கம் விலகியது என்பது மட்டுமே தெரிய வேண்டியிருந்தது. துளைகள் அதைச் சொல்லின. அனுமதிக்கப்பட்ட சில நிமிடங்களுக்குள், ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு திருகைத் திருப்பி, குறியை நடுவுக்குக் கொண்டுவந்தார். போட்டிக்கான முதல் சுடுதலில் அவர் எடுத்தது 10.7.